நடந்து வந்த தண்ணீர்

அன்பிற்குரிய அயித்தாச்சிக்கு,

நேற்றைய மழையில் உங்கள் வயலிலிருந்து நான் பிடித்து வந்த தண்ணீர், என் வயல் தண்ணீரைவிடச் சிவப்பாக இருந்தது. இத்தனை ஆண்டுகளில் இவ்வாறு நேர்ந்தது இதுவே முதன்முறை. அடுக்களைச் சன்னலில் அசையாமல் வைத்திருந்த இரண்டு ஊறுகாய் பாட்டில்களையும் இன்று காலை வெயிலில் பார்த்தேன். என்னுடையதன் அடியில் நகக்கனத்துக்கு ஒரு மண்கோடு. உங்களுடையதில் இரண்டு விரற்கடை உயரத்துக்குச் செம்மண். அதன் மேல் நின்ற தண்ணீரும் இன்னும் கலங்கலாகவே இருந்தது.

மருமகள் உங்கள் பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டாள்.

"நார்த்தங்கா போட பாட்டில் இல்லாம நான் அலையுறேன். நீங்க சேத்துத் தண்ணியப் புடிச்சு சன்னல்ல அடுக்கியிருக்கீங்களே அத்தை?"

"ஆட்டாதம்மா, அப்படியே வையி. இன்னும் தெளியல."

"தெளிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? குடிக்கவா?"

அவளுக்கு மறுமொழி சொல்வதானால் உங்களிடமிருந்து தொடங்க வேண்டும். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்த அந்நேரம் அதற்கு ஏற்றதாக இல்லை.

நீங்கள் மறைந்து இரண்டு ஐப்பசிகள் கழிந்துவிட்டன. உங்கள் பாட்டில் என் பாட்டிலிடம் தோற்ற இந்நாளில் நான் மகிழ்ந்திருக்க வேண்டும். நெடுநாள் ஏங்கிய வெற்றி அது. ஆனால், 'ஏன் சிவந்தது?' என்ற வினாவே முன்னால் வந்து நின்றது. ஒரு வினா எழுந்தால் விடை கிடைக்கும்வரை வேறு வேலை ஓடாத இந்த வியாதி எனக்கு உங்களிடமிருந்து தொற்றியது. அதன் போக்கிலேயே இம்மடலை எழுதுகிறேன். எழுதவேண்டிய வேறொன்றும் உண்டு. அது உங்களுக்குத் தெரியும்.

நம் ஊர் நிலம் கண்ணுக்குச் சமமாகவே தோன்றும். அதன் சரிவு மழைக்கு மட்டுமே தெரியும். முறைக்கு நீங்கள் எனக்கு மதினி; உங்கள் வயலும் என் வயலும் அக்கம்பக்கம். இரண்டும் செம்மண்ணும் சரளையும் கலந்த கடலைக்கொல்லைகள். இரண்டிலும் விழும் மழை ஒரே வரத்துவாரியில் இறங்கி, அந்த வாய்க்கால் வழியே ஊருணிக்குப் போகிறது. குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் குடிப்பதற்கும் உலை வைப்பதற்கும் நமக்கு அந்த ஊருணிதான். கலங்கிய தண்ணீரைக் குடத்தில் எடுத்து வந்து, வேறொரு பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்து, அதில் ஊற்றி வைத்தால் மண் அடியில் தங்கிவிடும். நம் ஊரில் அத்தனை பெண்களும் நாள்தோறும் செய்யும் வேலை அது. அந்த அடிமண்ணைக் கழுவிக் கொட்டாத கை எதுவும் இல்லை. அதைப் பார்த்து வியந்தவர் நீங்கள் ஒருவரே.

ஒருநாள் ஊருணிப் படியில் குடத்தைக் கழுவியபடியே கேட்டீர்கள்: "ஏத்தா, இது யாரு வயலு மண்ணா இருக்கும்?"

"மண்ணுல பேரா எழுதியிருக்கு?" என்றேன்.

"எழுதாட்டி என்ன? வாரி ஓரத்துல செவப்புச் சரளை ஒன் வயல்லயும் என் வயல்லயும்தான இருக்கு. மத்ததெல்லாம் மணலு. நம்ம ரெண்டு பேருதான் ஊருக்கே மண்ணு கரைச்சுக் குடுக்குறோம் போல."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அந்தக் கோடையில் உங்கள் வயல் மாறியது. சரிவுக்குக் குறுக்கே, ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று வரப்புகள் எழுந்தன. அவற்றின் மேல் வெட்டிவேர் நட்டீர்கள். வாரியை ஒட்டி ஆறடி அகலத்துக்கு ஏரே படாமல் புல்லை வளரவிட்டீர்கள். எள் அறுத்த தட்டையைக் கொளுத்தாமல் நிலத்திலேயே பரப்பினீர்கள். டிராக்டர்காரர் மேலிருந்து கீழாக நேர்கோட்டில் உழுது பழகியவர். "குறுக்கால ஓட்டுனா திருப்பித் திருப்பியே நேரம் போயிரும்க்கா" என்று அவர் முனகியபோது, "திரும்புறது வண்டிதானப்பா, நீ உக்காந்துதான இருக்க?" என்றீர்கள். என் வயலில் அவர் தமக்குப் பிடித்தபடியே மேலும் கீழுமாக உழுதார். உழவுசால் ஒவ்வொன்றும் ஊருணியை நோக்கி நீட்டிய ஒரு சிறு வாய்க்கால் என்று எனக்கு அன்று தோன்றவில்லை. சால்கள் நேராக இருந்தன. நேராக இருந்தவை எனக்கு அழகாகத் தெரிந்தன.

"நெல்லு வளக்குறவுகளப் பாத்திருக்கேன், கடலை வளக்குறவுகளப் பாத்திருக்கேன். புல்லு வளக்குறவுகள இப்பத்தான் பாக்குறேன்" என்று ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் குரலும் இருந்தது.

அடுத்து வந்த ஐப்பசியில் ஊருணி வழக்கமான படிவரை ஏறவில்லை. எந்தப் படி நனைந்தது என்பதைக் கொண்டே ஊருணியை அளப்பது நம் வழக்கம். கீழிருந்து ஆறாவது படி நனைந்தால் ஊருக்கு நிம்மதி. அம்முறை நான்காவது படியோடு தண்ணீர் நின்றது. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது; மூன்று வரப்பு போட்டு ஊர்த் தண்ணீரை மறித்துவிட்டாள் என்ற பேச்சு ஒரே வாரத்தில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. வரப்பை உடைக்க வேண்டும், அதற்கொரு மனு வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள்.

என்னைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. பத்திர நகல்களையும் கிளை நூலகத்துச் செய்தித்தாள்களையும் வானொலியில் செய்தி வாசிப்போரின் குரலையும் ஆசான்களாகக் கொண்டு, நானே முயன்று அமைத்துக்கொண்ட நடை என்னுடையது. இன்றுவரை என் மனுவில் ஒரு சொல்லைத் திருத்திய அலுவலர் இல்லை என்பதை இப்போதும் தயக்கமின்றிச் சொல்வேன். அந்த மனுவையும் நன்றாகவே எழுதினேன். 'மேற்படி நிலத்தின் உரிமையாளர், தலைமுறை தலைமுறையாய்ப் பொது ஊருணியைச் சென்றடையும் மழைநீரின் இயல்பான வரத்தினைத் தமது சொந்த நலன் கருதித் தடுத்துள்ளமையால்...' என்று தொடங்கி, வரப்புகளை 'முற்றிலும் அகற்றித்தர' வேண்டினேன். 'சொந்த நலன் கருதி' என்னும் மூன்று சொற்களை எழுதிவிட்டு, அவற்றின் ஓசையில் மகிழ்ந்து மீண்டும் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன்.

ஊருணிக் கரையில் கூட்டம் கூடியது. ஊர்க் கூட்டத்தை நடத்தும் அம்பலம் என் மனுவை உரக்க வாசிக்கச் செய்தார். நீங்கள் முந்தானையை இழுத்துச் செருகியபடி நின்று முழுவதையும் கேட்டீர்கள்.

"மனு நல்லா இருக்குங்க. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?" என்று என்னைப் பார்த்தீர்கள். பிறகு அவரிடம், "ஒடைக்கிறதா இருந்தா ஒடைங்க. ஒரு மழை மட்டும் பொறுத்துக்கங்க. என் வயல்லருந்து என்ன தண்ணி வருது, பக்கத்து வயல்லருந்து என்ன தண்ணி வருதுன்னு அளந்து பாத்துட்டு ஒடைங்க" என்றீர்கள்.

"மழத் தண்ணிய எப்புடித்தா அளப்ப? மரக்கால் கொண்டாரவா?"

"பாட்டில்ல அளப்பேன்."

கரையே அதிரும்படி சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து நீங்கள் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "நான் புடிச்சா நம்ப மாட்டீங்க. மனு எழுதுனவளே புடிக்கட்டும்."

மழை ஒரு பிற்பகலில் வந்தது. சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, இரண்டு பாட்டில்களுடன் வரப்பில் ஓடினேன். என் வயலின் தண்ணீர் வெளியேறும் மூலையில் பாட்டிலை வைத்த கணத்திலேயே அது நிரம்பிவிட்டது. டீத்தூளைக் கூடுதலாகப் போட்டு வடித்த டிகாஷன் போன்ற நிறம். நான் பெருமிதத்தோடு, நீங்கள் நின்றிருந்த உங்கள் மூலைக்கு வந்தேன். அங்கே ஒன்றுமே வரவில்லை. புல் மட்டும் நனைந்து நின்றது.

"எங்க அயித்தாச்சி தண்ணி? அடைச்சுத்தான வச்சிருக்கீங்க?"

"வரும், பொறு. ஒன் தண்ணி ஓடி வருது. என்னுது நடந்து வருது."

நின்றேன். சாக்கு நனைந்து முதுகில் கனத்தது. முதல் வரப்பின் பின்னால் தண்ணீர் தேங்குவதையும், அது தரையில் மெல்ல இறங்குவதையும், நிறைந்த பிறகு ஓரமாய் வழிந்து அடுத்த வரப்புக்கு வருவதையும் பார்த்துக்கொண்டே நின்றேன். அவ்வளவு நேரம் நான் தண்ணீரைப் பார்த்தது அதற்கு முன் இல்லை. கடைசியில் புல்லிடையிலிருந்து ஒரு மெல்லிய இழை வந்தது. அரிசி களைந்த தண்ணீரின் நிறம். அதைப் பிடித்தேன். மழை நின்று, என் மூலை வற்றி, காக்கைகள் இறங்கிவிட்ட பிறகும் உங்கள் இழை அறவில்லை. எனக்குச் சினமாக இருந்தது. சினத்தின் ஊடே, இது எவ்வளவு நேரம் ஓடும் என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்தது. வீட்டுக்குப் போகாமல் அங்கேயே குந்தியிருந்தேன். நீங்களும் அருகில் வந்து அமர்ந்தீர்கள்.

மறுநாள் காலை இரண்டு பாட்டில்களும் ஊருணிப் படியில் ஊர் பார்க்க நின்றன. என்னுடையதில் மூன்று விரல் மண். உங்களுடையதில் நூல் அளவு. அம்பலம் குனிந்து பார்த்துவிட்டு, "தண்ணி தெளிவாத்தான் இருக்கு. ஆனா கொறைச்சலால்ல வருது?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி. நீங்களும் அதை மறுக்கவில்லை. "ஆமாங்க, கொறைச்சல்தான். என் நெலம் குடிச்சது போகத்தான் வரும்" என்றீர்கள். பிறகு ஒரு நீண்ட மூங்கிலை எடுத்து ஊருணியில் இறங்கி, படிக்கட்டின் ஓரத்தில் குத்தினீர்கள். தண்ணீருக்குக் கீழே எத்தனை படிகள் இருக்கும் என்று வயதானவர்களைக் கேட்டீர்கள். அவர்கள் சொன்ன கடைசி மூன்று படிகளை மூங்கிலால் தொடவே முடியவில்லை. அவை மண்ணுக்குள் இருந்தன.

நாம் ஆண்டுதோறும் மேலே நனைந்த படியை எண்ணி மகிழ்ந்திருக்கிறோம். கீழே புதைந்த படியை எவரும் எண்ணவில்லை. ஆறாவது படிவரை ஏறியும் பங்குனிக்குள் ஊருணி வற்றியதன் காரணம், என் பாட்டிலின் அடியில் மூன்று விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. ஊருணி வழிந்தால் கண்மாய்க்கு. கண்மாய் நிறைந்தால் அடுத்த கண்மாய்க்கு. பின்னொரு நாள், மீமிசலிலிருந்து கருவாடு கொண்டுவந்த அம்மாள் பெருமழைக்குப் பிறகு கடலே செவந்து கெடந்துச்சு என்று சொன்னபோது, நீங்கள் என் தோளில் தட்டி, "ஒன் வயலு போய்ச் சேந்துருச்சுடி" என்றீர்கள். அதோடு விட்டீர்களா? ஊருணியில் கோடையில் படரும் பச்சைப் பாசியைக் காட்டி, "நீ போடுற யூரியாவுல கடலையவிட இதுதான் நல்லா செழிப்பா இருக்கு" என்றீர்கள். மழைக்கு முதல்நாள் உரம் வீசும் பழக்கத்தை அன்றோடு விட்டேன். உங்கள் முன் ஒப்புக்கொள்ளாமல் விட்டேன்.

வரப்புகள் உடைக்கப்படவில்லை. அவற்றில் கல் பாவிய சிறு கலுங்குகள் வைப்பதென்றும், நிலம் குடித்தது போக மிஞ்சிய தண்ணீர் மண்ணை அரிக்காமல் அவற்றின் வழியே ஊருணிக்குப் போகட்டும் என்றும் முடிவாயிற்று. கலுங்கின் உயரத்தைப் பற்றி நாம் இருவரும் எத்தனை நாள் வாதிட்டோம்! முழங்கால் என்றீர்கள் நீங்கள். கணுக்கால் என்றேன் நான். இரண்டு மழை பார்த்த பிறகு, இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் கல்லை வைத்தோம். எவ்வளவு தண்ணீரை நிலம் வைத்துக்கொள்ளலாம், எவ்வளவை ஊருக்கு விட வேண்டும் என்பதற்கு இன்றுவரை எனக்கு முழு விடை தெரியாது. மழைக்கு மழை அது மாறுகிறது.

அம்முடிவை எழுத்தில் அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அமைத்தேன். எழுதியதை உங்களிடம் நீட்டினேன். நீங்கள் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு வாசித்தீர்கள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"'முந்தைய மனுவின் தொடர்ச்சியாக'வா? ஒடைன்னு எழுதுனதுக்கு ஒடைக்காதன்னு எழுதுறது தொடர்ச்சியா ஆத்தா?"

"மனுவுல அப்புடித்தாங்க எழுதணும்."

"சொந்த நலன் கருதின்னு ஊருக்கு முன்னால வாசிச்சாகளே. அது தப்புன்னு இதுல எங்கயும் இல்லையே?"

"மனுவுல அதுக்கெல்லாம் எடம் இல்லங்க அயித்தாச்சி. அதுக்குன்னு ஒரு நடை இருக்கு."

நீங்கள் தாளை மடித்துத் திருப்பித் தந்தீர்கள். "சரி. எடம் இருக்குற காயிதத்துல எழுதிக் குடு. அவசரம் ஒண்ணும் இல்ல."

அவசரமில்லை என்று சொன்னீர்களே தவிர, மறந்தவரில்லை. அவ்வாண்டே நானும் குறுக்கே உழுதேன், வரப்பு போட்டேன், புல் வளர்த்தேன். ஒவ்வோர் ஐப்பசியும் முதல் மழைக்கு நாம் இருவரும் பாட்டிலோடு இறங்குவோம். ஒவ்வோர் ஆண்டும் உங்கள் மண்கோடு என்னுடையதைவிட மெல்லியதாக இருக்கும். அதைச் சன்னலில் வைத்து ஒப்பிட்டுவிட்டுப் புறப்படும்போது வாசலில் நின்று கேட்பீர்கள்: "காயிதம் கெடச்சிருச்சா?" நானும் "கடையில இல்லையாம்" என்பேன். நாம் இருவருமே சிரிப்போம். அந்தச் சிரிப்பு எனக்கு வசதியாக இருந்தது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் உங்களைக் கடைசியாகப் பார்த்த அன்றும் கேட்டீர்கள். குரல் எழவில்லை, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். "வீட்டுக்கு வாங்க, தர்றேன்" என்றேன். மழைக்கு முன் வந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன்.

இன்று காலை மருமகள் பாட்டிலை வைத்துவிட்டுப் போனதும் உங்கள் வயலுக்குப் போனேன். புல் இருந்தது. வெட்டிவேர் இடுப்புயரம் வளர்ந்திருந்தது. முதல் வரப்பில் குறையில்லை, இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது வரப்பில், கலுங்குக்கு நான்கடி தள்ளி, பெருச்சாளி வளை தோண்டியிருந்தது. அதன் வழியே புகுந்த தண்ணீர் வளையைப் பிளந்து, ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்கு வரப்பைத் தின்றுவிட்டிருந்தது. அங்கிருந்து வாரிவரை சிவப்பாக ஒரு தடம். ஏன் சிவந்தது என்ற வினாவுக்கு விடை அது.

சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் மகனை அங்கே நின்றபடியே போனில் அழைத்தேன்.

"வரப்புல ஓட்டைன்னு எப்புடித் தெரிஞ்சுச்சு அத்தை?"

"பாட்டில்ல தெரிஞ்சுச்சு."

அன்று கரையில் சிரித்தவர்களைப் போலவே சிரித்தான். பிறகு, "அடுத்த வாரம் ஆளு விட்டு அடைச்சிரச் சொல்றேன்" என்றான்.

"மழ அடுத்த வாரம் வரைக்கும் பொறுக்காதுப்பா. மம்பட்டி என்கிட்ட இருக்கு."

மண்ணை வெட்டிப் போட்டேன். மிதித்தேன். மேலே போட்டேன், மீண்டும் மிதித்தேன். பக்கத்துத் தூரிலிருந்து வெட்டிவேர் நான்கு கொத்து பிரித்து நட்டேன். எந்த வரப்பை 'முற்றிலும் அகற்றித்தர' எழுதினேனோ அது என் காலடியில் மெல்ல இறுகியது. உச்சி வெயிலில் முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, வடகிழக்கே கறுத்திருந்தது.

வீட்டுக்கு வந்து கை கழுவினேன். உங்கள் பாட்டிலில் இருந்த மண்ணை மீண்டும் உங்கள் வயலில் சேர்ப்பதற்காகத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பாட்டிலைத் தேய்த்துக் கவிழ்த்தேன். பிறகு இந்தத் தாளை எடுத்தேன். கோடு போடாத தாள். பெறுநர், அனுப்புநர், பொருள் ஆகிய எவற்றுக்கும் இதில் பிரிவில்லை. ஆகவே இடம் இருக்கிறது.

அயித்தாச்சி, நான் தப்பா எழுதிட்டேன்.

இவ்வரியை என் நடையில் அமைக்க மூன்று முறை முயன்றேன். மூன்றும் 'முந்தைய மனுவின் தொடர்ச்சியாக'வே வந்தன. ஆகவே நாம் பேசிக்கொள்ளும் மொழியிலேயே விட்டுவிட்டேன். இந்த ஒரு வரியை மட்டும் எவரும் திருத்த வேண்டியதில்லை.

மடலை இங்கே நிறுத்துகிறேன். ஓட்டில் முதல் துளிகள் விழுகின்றன. மருமகள், "இந்த மழையில எங்கிட்டு அத்தை கெளம்பிட்டீங்க?" என்று கேட்கிறாள். அவளையும் வரச் சொல்லியிருக்கிறேன். வழியில் விளக்கிச் சொல்ல நேரம் இருக்கும். என் மூலையில் தண்ணீர் முன்பு போல் பாய்ந்து வருவதில்லை. அதையும் பிடித்துக்கொண்டு உங்கள் மூலைக்குப் போக வேண்டும். உங்களுடையது வர நேரமாகும். நடந்துதானே வரும். காத்திருப்போம்.

இங்ஙனம்,
மனு எழுதியவள்